பெரியவனின் அறை

மூன்று சுவர்கள் காய்ந்துவிட்டன. நான்காவது சுவர் காயவில்லை.

பெயிண்டர் வேலையிலேயே வளர்ந்த சின்னவனுக்குச் சுவர்களின் சுபாவம் அத்துப்படி. ஓதம் என்றால் தரையிலிருந்து ஏறும். இதுவோ நெஞ்சுயரத்தில், ஓர் ஆள் அகலத்துக்குக் கசிந்து, பூசிய வெள்ளையைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். கரித்தது.

போருக்குப் படையினரை ஏற்றிப்போன கப்பலோடு மூழ்கியவன் அண்ணன். கப்பல் அடிபட்டதும் கீழ்த்தளத்துக் கதவுகளை மேலிருந்து அடைத்துவிட்டார்கள் என்று தப்பி வந்த ஒருவன் சொன்னான். உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா இந்த அறையைத் தினமும் பெருக்கி, யாரும் படுக்காத கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, பேச்சுக்குப் பேச்சு "பெரியவன் இருந்தா" என்பாள். எதிரில் ஒருத்தன் உட்கார்ந்து சாப்பிடுவது அவள் கண்ணில் பட்டதே இல்லை. அடுத்த மாதம் சின்னவனுக்குக் கல்யாணம். வருகிறவளுக்கு ஓர் அறை வேண்டாமா? கட்டிலையும் பெட்டியையும் காலையில் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டான்.

"அவன் வந்தா எங்கடா படுப்பான்?" வாசலில் நின்று அம்மா கேட்டாள்.

"கடல்ல போனவன் வரவா போறான்? அவனுக்கு அழுததுல கால்வாசி எனக்கு அழுதிருந்தா நான் எப்பவோ கரையேறியிருப்பேன்."

அவள் முகத்திலேயே அறைவதுபோலக் கதவைச் சாத்தினான்.

ஈரச் சுண்ணாம்பைச் சுரண்ட ஆரம்பித்தபோதுதான் அது கேட்டது. பெயிண்ட் வாடைக்கு அடியிலிருந்து துருவும் டீசலும் அழுகிய பாசியும் கலந்த ஒரு நெடி மெல்லக் கிளம்ப, சுவருக்குள்ளிருந்து யாரோ முஷ்டியால், அவசரமில்லாமல், இரும்பில் தட்டுவதுபோல.

டொம். டொம். டொம்.

இது மாடி வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம்.

பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது. சுரண்டியின் பிடியால் சுவரை ஓங்கி அடித்தான். "இது இனிமே என் ரூம்டா!"

தட்டுவது நின்றது.

பாதத்தில் குளிர். குனிந்து பார்த்தான். தண்ணீர். கணுக்கால். முழங்கால். மாலை வெளிச்சத்தோடு சன்னல் இருந்த இடத்தில் இப்போது ஆணி அடித்த இரும்புத் தகடு. கதவுக்கு ஓடினான். தாழ்ப்பாளே இல்லை.

"அம்மா! கதவத் தெறம்மா!"

வெளியே ஈரக் காலடிகள்.

"அம்மா, பசிக்குது."

அண்ணன் குரல்.

தட்டு ஒன்று விழுந்து உருண்டது. பிறகு அம்மா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து சின்னவன் கேட்டதே இல்லை.

கதவிடுக்கில் கண்ணை வைத்தான். இடுப்பளவு தண்ணீர், அந்த இடுக்கு வழியே ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. இரண்டு கைகளாலும் கதவை அடித்தான்.

"உள்ள யாருடா தட்டுறது?" அம்மா கேட்டாள்.

"நம்ம சின்னவன்மா. கப்பல்ல போனானே, அவன்தான்."

"ஆமா, பாவம்."

நெஞ்சு. கழுத்து.

இடுக்கில் அம்மா தெரிந்தாள். பெரியவனைத் தன் முன்னால் உட்காரவைத்து, முந்தானையால் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொத்துக் கொத்தாக முடி வந்தது, தோலோடு. அவள் முகமெல்லாம் பூரிப்பு. துவட்டுவதை அவள் நிறுத்தவே இல்லை.