வெள்ளைப் பாவில் படிந்த கரி

திங்கட்கிழமை, காலை 8.40.

ஆரணியின் முட்டுச்சந்துத் தெரு ஒன்றில், நெசவுக்காக நீளவாக்கில் விரித்துக் கட்டியிருந்த வெண்பட்டு நூல்வரிசையான பாவின்மேல் கரும்புகை வந்து கவிந்தது. கஞ்சியின் ஈரம் காயாத இழைகள் கரியை ஆவலோடு பற்றிக்கொண்டன. தேவாலயத் திருமணங்களுக்காக நெய்யவிருந்த மூன்று வெண்புடவைகள் தறிக்குப் போகுமுன்பே பாழாயின.

தெருவின் அடைபட்ட கோடியில் நின்ற வெள்ளைச் சரக்கு வேனிலிருந்து வந்த புகை அது. தெருவை அடைத்துக் கிடக்கும் பாவைச் சுருட்டும்வரை எந்தச் சக்கரமும் அங்கே நகர முடியாது. ஓட்டுநர் காத்தவராயனுக்கு அவசரம். என்ஜினையாவது சூடேற்றிவைப்போம் என்று முன்கூட்டியே முடுக்கிவிட்டார்.

காலை 10.15.

பாவுக்கு உரிய காசியம்மாள் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் ஹெப்சிபாவின் முன் நின்றார்.

"வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்குப் போட்ட பாவ ஒம்பது மணிக்குப் பால் மாதிரி சுருட்டினு போனேன். இன்னிக்கு அதே மாதிரி நூலு அடுப்புக்கரியா கெடக்குது. பொண்ணு கறுப்புப் புடவையிலயா மேடம் சர்ச்சுக்குப் போவும்?"

முற்பகல் 11.30.

மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து புகையை அளந்தார். அனுமதித்த அளவைப்போல் இரு மடங்கு இருந்தது. ஆனால் வண்டியில் செல்லத்தக்க மாசுச் சான்றிதழ் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலை 7.35க்கு, வேலூர் சாலையில் உள்ள சோபியாவின் புகைப் பரிசோதனை மையம் வழங்கியது. வண்டியின் பின்புறப் படமும், தெளிவான பதிவெண்ணும் அதில் இருந்தன.

சோதிக்காமலே சான்று கொடுத்திருக்கிறாள் என்பது ஆய்வாளரின் முடிவு. மையத்துக்கு முத்திரை வைத்தார். மாலை நான்கு மணிக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் உரிமம் ரத்து. சோபியாவுக்கு அந்த ஒற்றை அறையைத் தவிர வேறு பிழைப்பு இல்லை.

"மெஷின் குழாய் வெச்சுப் பார்த்தீங்களா?" என்று மையத்துக்கு வந்த ஹெப்சிபா சோபியாவிடம் கேட்டார்.

"பார்த்தேன் மேடம். அனுமதிச்சதுல பாதிகூட வரல."

"வண்டியைக் கொண்டாந்தது?"

"மெக்கானிக் பார்த்திபன்."

"வண்டிக்கு அடியில பொறிச்சிருக்கிற சேசிஸ் நம்பரைக் குனிஞ்சு சரிபார்த்தீங்களா?"

சோபியா தலை குனிந்தாள். "பின்னாடி ரெண்டு பஸ்ஸு ஹாரன் அடிச்சினு நின்னுது. நம்பர் பலகையோட விட்டுட்டேன்."

சந்தேகம் அவள்மேல் இன்னும் அழுத்தமாகவே படிந்தது.

பிற்பகல் 12.20.

வேனின் உரிமையாளர் பொன்னுசாமி அந்த முட்டுச்சந்திலேயே குடியிருப்பவர். கேட்டதற்கு மேலேயே பேசினார்; அதனாலேயே நம்பத் தோன்றவில்லை. என்ஜினைப் பழுதுபார்த்துச் சான்றும் வாங்கித் தரும்படி வியாழன் மாலையே பார்த்திபனிடம் சாவியைக் கொடுத்தாராம். வெள்ளி விடியுமுன் கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் பேருந்தில் போய்விட்டாராம். காத்தவராயனும் அதே தெருவாசிதான்; வெள்ளியன்று விடுப்பில் வீட்டிலேயே இருந்ததாகச் சொன்னார்.

பிற்பகல் 1.10.

பார்த்திபனின் பட்டறை ஊருக்கு வெளியே இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை ஏழே காலுக்கு நானேதான் மேடம் தெருக்கோடியிலேர்ந்து வண்டிய எடுத்தேன். சான்று வாங்கினு எட்டு மணிக்கெல்லாம் அங்கியே விட்டுட்டேன்."

"வழியிலே தடை ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்ல. தெரு காலியா கெடந்துது. ஜல்தியா வந்துட்டேன்."

ஹெப்சிபா அந்த வாக்கியத்தை எழுதி, அடியில் அவரிடமே கையொப்பம் வாங்கினார்.

பிற்பகல் 3.30.

அனைவரும் காவல் நிலையத்தில் கூடினர். வாகன ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பழங்கதை ஒன்றில், எருமை ஒன்று கோயில் பசுவின் மணியைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு தொழுவத்துக்குள் நுழைந்ததாம். மணியோசையை மட்டுமே கேட்டுப் பழகிய காவலன் கதவைத் திறந்துவிட்டானாம். பதிவெண் பலகையும் அப்படி ஒரு மணிதான். ஆனால் இங்கே நல்ல பசு உள்ளே வந்து போயிற்று, மணிதான் எருமையுடையது.

"காலையிலேர்ந்து எல்லாரும் புகையையே பார்த்துகினு இருக்கோம்," என்றார் ஹெப்சிபா. "அந்தப் புகை எதுமேல விழுந்துதுன்னு யாரும் யோசிக்கல. காசியம்மா, வெள்ளிக்கிழமை உங்க பாவு எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணிவரைக்கும் தெருவுல இருந்துது?"

"ஆறுலேர்ந்து ஒம்பது. கலெக்டர் வந்தாலும் நடந்துதான் வரணும்."

பார்த்திபனின் கை துணியோடு நின்றது.

ஹெப்சிபா நிதானமாகத் தொடர்ந்தார். ஏழே காலுக்கு அந்தத் தெருவைவிட்டு எந்த வண்டியும் வெளியேறியிருக்க இயலாது. ஆயினும் 7.35க்கு அதே எண்ணோடு ஒரு வேன் சோபியாவின் மையத்தில் நின்றது. எனவே போனது பலகை மட்டுமே. அதைத் தாங்கியது வேறொரு வேன். சோபியா உடந்தை என்றால் நல்ல வண்டி ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. பொன்னுசாமியும் காத்தவராயனும் அத்தெருவாசிகள். பாவு போடும் வழக்கம் அறிந்தவர்கள் இந்த நேரத்தைப் பொய்யாகக்கூடச் சொல்லமாட்டார்கள்.

"தெரு காலியா இருந்துதுன்னு சொல்ல, அன்னிக்குக் காலையில தெருப்பக்கமே வராத ஒருத்தராலதான் முடியும். பார்த்திபன், பலகைய எப்போ கழட்டினீங்க?"

பார்த்திபன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வியாழன் மாலையே பலகையைக் கழற்றி, வண்டியைத் தார்ப்பாயால் மூடிவிட்டார். பட்டறைக்குப் பழுது பார்க்க வந்திருந்த புதிய வெள்ளை வேனில் அதை மாட்டிச் சான்று வாங்கினார். வெள்ளி நண்பகலில் பலகையைத் திரும்பப் பொருத்தினார். பொன்னுசாமியின் என்ஜினை அவர் தொடவே இல்லை.

பொன்னுசாமி தம் பெயர் தப்பியதில் மகிழவில்லை; காசியம்மாளுக்குப் புது நூல் தருவதாகத் தாமே ஒப்புக்கொண்டார்.

மாலை 4.30.

வாகன ஆய்வாளர் முத்திரையை அகற்றினார். குனிந்து பார்க்காத குற்றத்துக்கு எழுத்துமூல எச்சரிக்கை உண்டு என்றும், முதல் சோதனை தம் கண்முன் நடக்க வேண்டும் என்றும் சொன்னார். பொன்னுசாமியின் வேன் உள்ளே வந்தது.

சோபியா டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சேசிஸ் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தாள். ஆய்வாளர் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுத் தலையசைத்த பிறகே குழாயைப் பொருத்தினாள். இயந்திரம் தாளைத் தள்ளியது: தகுதி இல்லை.

"நாளைக்கு லோடு இருக்குதும்மா," என்றார் பொன்னுசாமி தாழ்ந்த குரலில்.

வெளியே இரண்டு பேருந்துகள் ஹாரன் அடித்தன. சோபியா திரும்பிப் பார்க்கவில்லை. தாளில் கையொப்பமிட்டு அவரிடம் நீட்டினாள்.

"சரி பண்ணிகினு வாங்கண்ணே. மறுபடியும் குனிஞ்சுதான் பார்ப்பேன்."