நாங்க போயிட்டு வரோம்

அடையாறில் அந்தப் பழைய பங்களா வாசலில் ஆட்டோ நின்றபோது வெயில் கொளுத்தியது. நீரஜாவின் மேலாளர் சங்கரனின் மனைவி போன வாரம் இறந்துவிட்டார். துக்கம் விசாரிக்க வந்திருந்தாள். வீட்டில் விட ஆளில்லாததால் மகள் தமிழ்நிலாவும் கூட வந்திருந்தாள்.

“கெளம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதுடி. சாவு வீடு. பேசாம வந்துடணும்.”

“நீதாம்மா சொல்லுவே, பாரு.”

தினமும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் அம்மாவை வேலைக்கு விடாத வாண்டு அது.

கூடத்தில் ஊதுபத்தியையும் மீறி ஈரமண் வாடை அடித்தது. மூலையில் மார்பளவுப் பளிங்குப் பெண் ஒருத்தி தலை குனிந்திருந்தாள்.

“விக்டோரியா ராணி காலத்துச் சிலை. தாத்தா ஏலத்துல எடுத்தது,” என்றார் சங்கரன். “கிரேக்கக் கதை. எமன் மாதிரி ஒருத்தன் பூமிக்கடியில தூக்கிண்டு போன பொண்ணு. அம்மாகிட்ட வந்தாலும் திரும்பிப் போயே ஆகணும். என் ஆத்துக்காரி கடைசியா இதோடதான் பேசிண்டிருந்தா.”

நீரஜாவுக்கு அங்கே உட்காரவே பிடிக்கவில்லை. எழுந்து வந்து செருப்பை மாட்டும்போது, பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

“நாங்க போயிட்டு வரோம் சார்.”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாசல்வரை வந்த சங்கரன் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

ஆளில்லாத கூடத்திலிருந்து ஒரு பெண்குரல் பேசியது.

“வா.”

வாங்க இல்லை. வா. ஒருத்தியை மட்டும்.

அன்று மாலையே தமிழ்நிலாவுக்குக் காய்ச்சல் கண்டது. எந்த மருந்துக்கும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

“போகணும்மா. நீதானே வரோம்னு சொன்னே.”

நீரஜா கணவன் மதிவாணனைக் குழந்தையிடம் விட்டுவிட்டு, பொழுது விடிந்ததும் அடையாறுக்கு ஓடினாள். கதவைத் திறந்த சங்கரனை விலக்கிக்கொண்டு போய்ச் சிலையின் கன்னத்தைப் பிடித்துக் கெஞ்சினாள்.

“வாய் தவறிச் சொன்னது நானு. என்னை எடுத்துக்கோ. அவளை விட்டுடு தாயே.”

பளிங்கு ஈரமாக இருந்தது.

குனிந்திருந்த தலை நிமிர்ந்திருந்தது.

கைப்பேசி அடித்தது. மதிவாணன். எடுத்ததும் அவன் அழுகைதான் கேட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டே நீரஜா வாசலுக்கு வந்தாள். இந்த முறை வாயை இறுக மூடிக்கொண்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

படியில் கால் வைத்தாள்.

உள்ளே, சிலைக்குப் பக்கத்திலிருந்து, தினமும் காலையில் கேட்கும் அதே பிடிவாதக் குரல்.

“அம்மா... போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போம்மா.”