ஓட்டிப் பார்க்க வேண்டாம்

அந்தச் சாம்பல் நிறக் கார் பட்டறைக்குள் வந்து நின்றபோது மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொக்கிக்கொண்டிருந்தது. மழை வருவதா வேண்டாமா என்று வானம் இழுத்தடித்துக்கொண்டிருந்த நாள். ஓட்டி வந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். இறங்கியதும் காரைத் திரும்பிப் பார்க்காமல் நேராக முதலாளியின் மேசைக்கு வந்தார்.

“ஆயில் மாத்தணும். பிரேக் பேடு தேய்ஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். ஆனா ஒண்ணு. வேலை முடிஞ்சதும் வண்டியை வெளிய எடுக்கக் கூடாது. ஓட்டிப் பார்க்க வேண்டாம்.”

“ஆகட்டும் டீச்சர்,” என்றார் முதலாளி. கஸ்டமர் யாராவது சூரியன் மேற்கே உதிக்கிறது என்றாலும் ஆகட்டும் என்பவர் அவர்.

ஆனால் வேறொரு வண்டிக்குக் கீழே படுத்திருந்த மெக்கானிக் சட்டென்று வெளியே வந்தார். பட்டறையில் அவருக்கு ரவுண்டு என்று பெயர். சாதாரண சர்வீஸ்தான் என்றாலும், கை வைத்த வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்காமல் சாவியைத் தரமாட்டார். சொந்தப் பெயர் அவருடைய வீட்டுக்காரிக்கே பாதி மறந்திருக்கும்.

“பிரேக்கைக் கழட்டி மாட்டிட்டு ஓட்டிப் பார்க்காம கொடுக்கக் கூடாதுங்க.”

“நானே பார்த்துக்கறேன்.”

“முதல் திருப்பத்துலயே பெடல் அடி வரைக்கும் இறங்கிடுச்சுன்னா?”

“அது என் பாடு,” என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. தூங்கி ரொம்ப நாளான ஒருத்தர் பேசுகிற மாதிரி இருந்தது. “சாயந்திரம் பையனைக் கூட்டிக்கிட்டு வந்து எடுத்துக்கறேன்.”

அவர் போனதும் முதலாளிக்கும் ரவுண்டுக்கும் வழக்கமான வாக்குவாதம் ஆரம்பித்தது.

“ஆயில் மாத்தறதுக்கெல்லாம் எதுக்குய்யா ஊர்வலம்? நிறுத்தி வெச்சே எல்லாத்தையும் பார்த்துடலாம். போற வழியில எவனாவது இடிச்சிட்டா யாரு பதில் சொல்றது?”

“சமைச்சவன் உப்புப் பார்க்க வேண்டாமா? அந்தம்மா பிள்ளையை வேற ஏத்திக்கிட்டுப் போகப் போறாங்க.”

“வேண்டாம்னு வாயாலேயே சொல்லிட்டாங்க. விடு.”

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்றைக்கு முதலாளி பக்கம்தான் நியாயம் அதிகம் இருந்தது என்று அப்போது அவருக்கே தெரியாது.

ரவுண்டு வேலையைத் தொடங்கினார். ஆயில் மாற்றினார். பிரேக் பேடுகளை மாற்றினார். கதவுகளின் பூட்டுகளுக்கு மசகு போடுவதும் சர்வீஸில் சேர்ந்ததுதான் என்பதால் ஒவ்வொரு கதவாகத் திறந்தார். பின்பக்க இடது கதவின் விளிம்பில் சைல்ட் லாக் போடப்பட்டிருந்தது. அந்தச் சின்ன நெம்புகோலைத் தள்ளிவிட்டால் உள்ளே இருப்பவரால் கதவைத் திறக்க முடியாது. அது நகராமல் இருக்க, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தார்கள். பையன் சின்னவனாக இருந்தபோது போட்டு மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு டேப்பை உரித்தார். பிசினைத் துடைத்தார். நெம்புகோலைப் பூட்டு விடுபடும் பக்கம் தள்ளினார். மசகு போட்டார்.

காருக்குள்ளிருந்து ஒரு மருந்து வாசனை வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் நெடுநாள் கிடந்தவரின் துணியில் ஊறிப்போயிருக்கிற வாசனை. ஜன்னல்களைத் திறந்து வைத்தும் அது போகவில்லை.

மூன்றரை மணிவாக்கில் முதலாளி உதிரிபாகக் கடைக்குக் கிளம்பினார். அவருடைய வண்டி தெருமுனை திரும்பியதும் ரவுண்டு சாவியை எடுத்துக்கொண்டார். பத்து நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப்போகிறது?

அவருடைய ரவுண்டில் இன்னொரு சமாசாரமும் உண்டு. ரயில்வே கேட் வரை போய், மேட்டில் ஏறி, வலது பக்கம் திரும்பினால் அவர் குடியிருக்கும் தெரு. வாசலில் ஐந்து வயது மகள் காத்திருப்பாள். இன்றைக்கு அப்பா என்ன வண்டியில் வருவார் என்பது அவளுக்குத் தினமும் ஒரு பந்தயம். ஒரு நிமிஷம் நிறுத்துவார், அவள் வண்டியைப் பார்த்துவிட்டு மார்க் போடுவாள், அவர் கிளம்பிவிடுவார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவர் பிறந்திருக்கிறார் என்று சொன்னால் மிகையில்லை.

சாலையில் கூட்டமில்லை. சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக ரேடியோவை அணைத்து, ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தார். மேகம் இருட்டிக்கொண்டு வந்ததில் கார் உள்ளே மங்கிக் கிடந்தது. பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கச்சிதம். இன்னொரு முறை மிதித்தார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. டீச்சர் இதற்குப் போய் பயந்தாரே என்று சிரித்துக்கொண்டார்.

அப்போது பின் சீட்டு முனகியது.

யாரோ உட்கார்ந்தபடியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்ந்தால் வருகிற சத்தம். சீட்டுக்குள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்தார். தலைக்கு மேலே இருந்த பின்நோக்குக் கண்ணாடியில் பார்த்தார். பின் சீட்டு காலியாக இருந்தது.

மருந்து வாசனை கூடியது.

மேட்டில் ஏறும்போது மறுபடி முனகல். இந்த முறை கூடவே ஒரு மூச்சு. ஏறுவது வண்டி, மூச்சு வாங்குவது வேறு யாரோ. ரவுண்டு திரும்பிப் பார்த்தார். இடது ஜன்னல் கண்ணாடியில், உட்கார்ந்திருப்பவரின் வாய் இருக்கிற உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. அது மெல்ல மறைந்தது.

திரும்பவும் படிந்தது.

“வந்தாச்சா?”

காதுக்கு மிக அருகில், தொண்டை வறண்ட கிழட்டுக் குரல்.

ரவுண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தார். வண்டியை நிறுத்திவிட்டு ஓடலாம். ஆனால் மேட்டுச் சாலையில் இரு பக்கமும் ஆள் நடமாட்டமில்லை. பயந்தவனுக்கு மனுஷ முகம் வேண்டும். அவருக்குத் தெரிந்த மிக அருகிலுள்ள மனுஷ முகங்கள் வலது பக்கத் திருப்பத்தில் இருந்தன. திரும்பினார். இன்றைக்கு மட்டும் திரும்பாமல் இருந்திருக்கலாம்.

வாசலில் மகள் நின்றாள். கார் நின்றது.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பின் ஜன்னலைப் பார்த்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் வாங்க என்று சொல்ல வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள். குழந்தை வழியை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நின்றாள்.

“வாங்க,” என்றாள்.

பின் கதவின் உள்பிடி இழுபட்டது.

கதவு திறந்தது.

மசகு போட்ட கதவு. கிரீச்சென்ற சத்தம்கூட வரவில்லை.

ரவுண்டு எப்படி இறங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. மகளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். “யாரைக் கண்ணு வாங்கன்னு சொன்ன?”

“அந்தத் தாத்தாவைத்தான். உள்ள போயிட்டாரே.”

உள்ளே ஓடினார். முன்னறை, படுக்கையறை, சமையலறை, குளியலறை, கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தார். யாரும் இல்லை. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி அவரை விநோதமாகப் பார்த்தாள்.

“என்னங்க தேடறீங்க?”

“தாத்தா யாராவது வந்தாங்களா?”

“எங்கப்பாவும் போய்ச் சேர்ந்துட்டாரு, உங்கப்பாவும் போய்ச் சேர்ந்துட்டாரு. எந்தத் தாத்தா வரப்போறாரு? வெறும் வயித்துல வேலை பார்க்காதீங்கன்னா கேக்கறீங்களா?”

அவளுடைய சிரிப்பில் அவருக்குப் பாதி உயிர் திரும்பியது. கதவு சரியாகச் சாத்தாமல் இருந்திருக்கும். பிள்ளைகள் எதையாவது சொல்லும். முதலாளி வருவதற்குள் வண்டி பட்டறையில் இருந்தாக வேண்டும். திரும்பிப் போகும்போது காருக்குள் மருந்து வாசனை துளியும் இல்லை. சீட்டு முனகவில்லை. வண்டி நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படத்தான் அவருக்குத் தோன்றியது. மற்றதை நினைக்க அவர் விரும்பவில்லை.

சாயந்திரம் டீச்சர் மகனுடன் வந்தார். எட்டு வயதுக்கு மிகவும் மெலிந்த பையன். டீச்சர் முன் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு சுற்றி வந்து பின் கதவைத் திறந்தார். டேப் இருந்த இடத்தை விரலால் தடவினார்.

“ஓட்டிப் பார்த்தீங்களா?”

முதலாளி முந்திக்கொண்டார். “சேச்சே. வண்டி இந்த இடத்தை விட்டு அசையல டீச்சர்.”

டீச்சர் அவரைப் பார்க்காமல் ரவுண்டு பக்கம் திரும்பினார். “உங்களைத்தான் கேக்கறேன். எங்கயாவது கொண்டுபோய் நிறுத்தினீங்களா? கோவிச்சுக்க மாட்டேன். சொல்லிடுங்க.”

சொல்லியிருக்கலாம். ஆனால் முதலாளி முறைத்துக்கொண்டு நின்றார். அது மட்டுமல்ல, வாயைத் திறந்து சொல்லிவிட்டால் நடந்தது நிஜமாகிவிடும் என்று ரவுண்டுக்குப் பயமாக இருந்தது.

“இல்லைங்க,” என்றார் ரவுண்டு.

டீச்சரின் கண்கள் கலங்கின. பையனை முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு, வேகமாக ஓட்டிக்கொண்டு போனார். பையன் திரும்பித் திரும்பிக் காலியாக இருந்த பின் சீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான்.

வீடு திரும்பியபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வாசலில் மகள் இல்லை.

“படுத்துட்டா,” என்றாள் மனைவி. “விளையாடல, சாப்பிடல. குளுருதுன்னு போய்ப் படுத்துக்கிட்டா.”

மகள் பெரிய கட்டிலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கைகால்களை ஒடுக்கிப் படுத்திருந்தாள். கட்டிலில் முக்கால்வாசி காலியாக இருந்தது. கழுத்தைத் தொட்டார். குளிர்ந்திருந்தது.

“ஏன் கண்ணு இப்படி ஓரமா படுத்திருக்க? நல்லா நீட்டிப் படு.”

“இடம் பத்தலப்பா,” என்றாள் கண்ணைத் திறக்காமலே.

ரவுண்டு முற்றத்துக்கு வந்து, முதலாளியிடம் போனில் டீச்சரின் எண்ணைக் கேட்டு வாங்கி அழைத்தார். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார்.

“என் மாமனார்,” என்றார் டீச்சர். “ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தோம். வீடு வந்தாச்சா, வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே வந்தார். பாதி வழியில போயிட்டார். போனவர் எங்க வீட்டுல இறங்கினார். என் பையன் பக்கத்துல படுத்துக்கிட்டார். பிள்ளை நாளுக்கு நாள் கரைஞ்சான்.”

“அப்புறம் எப்படிப் போனார் டீச்சர்?”

“பையனை அந்தக் கார்லயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவரும் கூடவே ஏறிக்கிட்டார். கதவைப் பூட்டி வெச்சேன். பையனை வேற வண்டியில வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அன்னிலேர்ந்து அவரைக் கார்லயே வெச்சுத்தான் சுத்தறேன். பையனைப் பின்னாடி உக்கார விடறதில்ல, ஆனா கார் வாசல்ல நிக்கற பயத்துல அவன் சரியாச் சாப்பிடாம, ராத்திரி கட்டில் ஓரத்துலயேதான் படுத்தான். வித்தா வாங்கறவங்க வீட்டுல இறங்கிடுவார்னு விக்கல.”

“அப்ப காரைக் கொண்டாங்க டீச்சர். உங்க கால்ல விழறேன். இப்பவே கொண்டாங்க.”

அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

“டீச்சர்?”

“ரெண்டு தடவை கேட்டேனே. அப்பவே சொல்லியிருந்தா, நேரா உங்க வீட்டுக்கு வந்து ஏத்திக்கிட்டுப் போயிருப்பேன். சத்தியமா போயிருப்பேன். இப்ப முடியல. எம் பையன் இன்னிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டான். கட்டில் நடுவுல கால நீட்டித் தூங்கறான்.” டீச்சரின் குரல் உடைந்தது. “நீங்களும் பிள்ளையைப் பெத்தவர். நீங்களா இருந்தா கொண்டு வருவீங்களா?”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. ரவுண்டு மறுபடி அழைத்தார். போன் அணைக்கப்பட்டிருந்தது.

இந்த வீட்டில் இனி ஒரு நிமிஷமும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார். மனைவியைச் செருப்பை மாட்டச் சொன்னார். கேள்வி கேட்க வந்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கிளம்பினாள். அவர் படுக்கையறைக்குப் போய், விளக்கைப் போடாமலே குனிந்து, சுவரோரம் கிடந்த மகளின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினார்.

தூக்க முடியவில்லை.

எஞ்சினையே கட்டிப்பிடித்து இறக்குகிற கைகள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றார். மகள் ஒரு விரற்கடை மேலே வந்தாள். ஐந்து வயதுக் குழந்தையின் மெலிந்த உடம்பு, எலும்பு பெருத்த ஒரு முழு ஆளின் கனத்தோடு, அவருடைய கைகளிலிருந்து மெல்ல நழுவிப் படுக்கையில் இறங்கியது.