வளையத்தில் நுழைந்தது

தகரம் போதாது, எலும்பு வேண்டும் என்று படை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் யாமினி தூத்துக்குடியில் அந்த வள்ளத்தில் ஏறினாள்.

அவள் அப்பா தணிகாசலம் போர் விமானி. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது விமானத்தோடு கடலில் காணாமல் போனார். தேடினார்கள், ஓய்ந்தார்கள். சென்ற மாதம் ஒரு விசைப்படகின் வலையில் எண் பொறித்த தகடு சிக்கியது. அவருடைய விமானத்தின் எண்தான். ஆனால் விமானம் விழுந்ததால் விமானி செத்தார் என்று ஆகாதாம், குதித்துத் தப்பியிருக்கலாமாம். கப்பல் அனுப்பித் தேட மழைக்காலம் முடிய வேண்டுமாம்.

அம்மாவுக்கு ஈரலில் புற்று. மழைக்காலம் முடியும்வரை தாங்காது.

"செத்த மனுஷனுக்கு ஒரு பிடி சோறு வைக்காம நான் போகக் கூடாதுடி" என்றாள் அம்மா. அழவில்லை. கழுத்தில் தாலி கிடந்தது. யாமினிக்கும் அழுகை வரவில்லை. பேருந்து பிடித்து வந்துவிட்டாள்.

வள்ளத்துக்காரன் லூசன் சங்கு குளிக்கிறவன். அவன் மைத்துனன் ஸ்டார்வின் மேலே காற்று இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வான். அதிலிருந்து போகும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு லூசன் இறங்குவான். வலை சிக்கிய இடம் இருவருக்கும் தெரியும். கலங்கரை விளக்கைப் பார்த்துப் பார்த்து வள்ளத்தைத் திருப்பி, நங்கூரம் போட்டார்கள்.

லூசன் இறங்கினான். குமிழிகள் நகர்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் நின்றன. குழாய் விறைத்தது. கீழே விமானத்தைச் சுற்றி அறுந்த வலைகள் காடுபோல் கிடக்கும், அதில் மாட்டியிருப்பான் என்றான் ஸ்டார்வின். பீடி அவன் விரலைச் சுடும்வரை புகைந்தது. யாமினி குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழாய் தளர்ந்தது. வலையை அறுத்துக்கொண்டு லூசன் மேலே வந்தான்.

பையைக் கொட்டினான். சுண்ணாம்பு பூத்த ஒரு பூட்ஸ், அடி பிளந்து கிடந்தது. கூடவே சங்குகள். வெறும் பையோடு ஏறி அவனுக்குப் பழக்கமில்லை. வழியில் கிடந்ததையும் அள்ளியிருந்தான். கண்ணில் உப்புநீர் வழிய, கை தன்பாட்டுக்குச் சங்கு அளக்கும் வளையத்தை எடுத்தது. வளையத்தில் நுழைகிற சங்கு குஞ்சு; அதைக் கடலுக்கே திருப்பிப் போட வேண்டும். ஒவ்வொன்றாக நுழைத்தான், வீசினான். எல்லாவற்றின் மேலும் ஒரே வெள்ளைப் பூச்சு.

"நிறுத்துங்க. இப்பப் போட்டது சங்கில்ல" என்றாள் யாமினி.

லூசன் தன் கையைப் பார்த்தான். பூட்ஸுக்குள் விரலை விட்டான். உள்ளே மணல்தான் இருந்தது.

"ஏல, அவுக அப்பா காலத் தூக்கி வீசிட்டியேல" என்றான் ஸ்டார்வின்.

இன்று இன்னொரு முறை இறங்கினால் மூட்டு முடங்கிப்போகும், நீரோட்டமும் மாறுகிறது, நாளை பார்க்கலாம் என்று அவன் எச்சரித்தான். நாளைக்குள் மணல் மூடிவிடும் என்றான் லூசன். யாமினி போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

லூசன் குவியலில் ஒரு குஞ்சுச் சங்கைப் பொறுக்கினான். எலும்பை வீசிய அதே பக்கம், அதே வாகில் வீசினான். அது மூழ்க, குழாயைக் கவ்விக்கொண்டு பின்னாலேயே தலைகீழாகப் பாய்ந்தான். நீரோட்டம் சங்கை எங்கே கொண்டுபோகிறதோ, அங்கேதான் எலும்பையும் கொண்டுபோயிருக்கும்!

நெடுநேரம் கழித்து ஒரு கை விளிம்பைப் பற்றியது. மற்ற கை மூடியே இருந்தது. அதைத் திறக்க ஸ்டார்வின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு.

படை அலுவலகத்தில் ஒப்படைத்தார்கள். சோதனை செய்து, அவருடையதுதான் என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள்.

அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"எந்தக் கால்?"

"இடது."

தலையாட்டினாள். தாலியைத் தானே கழற்றி மேசைமேல் வைத்தாள். ஒரு பிடி சோறு உருட்டி வைத்தாள். கை கழுவிவிட்டுப் படுத்துத் தூங்கினாள். பதினைந்து நாளில் அவளும் போனாள்.

அம்மாவின் சாம்பலையும், எரித்த எலும்பின் சாம்பலையும் கரைக்க யாமினி லூசனின் வள்ளத்துக்கே வந்தாள். லூசன் இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். ஸ்டார்வின் கலயங்களைப் பார்த்தான்.

"அம்புட்டுப் பாடுபட்டு எடுத்தோம். திரும்பவும் கடல்லதானா?"

"இந்தத் தடவ இன்னதுன்னு பாத்துட்டுப் போடுதோம்லா" என்றான் லூசன்.