பகலில் பன்னிரண்டு

காலை பத்து மணிக்குத் தையல் மெஷின் நின்றது.

அது நின்றால் நாத்தனார் வாயைத் திறக்கப் போகிறாள் என்று அர்த்தம். கணவனை இழந்து, அந்த மெஷினோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அக்கா ஒன்று சொன்னால் தம்பியிடம் மறுபேச்சு கிடையாது.

தாழிட்ட அறைக்குள் மருமகள் தொழுகையில் நான்காவது ரக்அத்தை முடித்து, இருபுறமும் முகம் திருப்பி ஸலாம் கொடுத்திருந்தாள். இன்னும் எட்டு. மறுபடி எழுந்து நிற்பதற்குள் கதவு இடிபட்டது.

"நல்லா பாத்துக்கடா உன் பொண்டாட்டிய! விடியக்காலை சுபுஹு முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, மத்தியான லுஹருக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு. நடுவுல என்ன தொழுகை? நாப்பது சட்டைக்குப் பொத்தான் வைக்கணும்... மகாராணி தாழ்ப்பாள் போட்டுகிட்டாங்க!"

அவள் கதவைத் திறந்தாள். கணவன் நின்றிருந்தான். கடிகாரம் பழுது பார்க்கும் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருந்தான். அக்கா வரவழைத்திருக்கிறாள்.

"தினமும் சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து எண்ணிகிட்டுத்தான் வரேன்" என்றாள் நாத்தனார். "ரெண்டு ரெண்டா ஆறு ஸலாம். பன்னிரண்டு ரக்அத். ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது! சும்மா யாராவது இப்படித் தொழுவாங்களா? எதையோ கேட்டுத் தொழுறா. அம்மா படுக்கையில விழுந்து ஏழு மாசம். இவ தொழுகை தொடங்கியும் ஏழு மாசம். கூட்டிக் கழிச்சுப் பாரு! கெழவி எப்ப கண்ண மூடுவா, தனிக்குடித்தனம் எப்ப போகலாம்னுதானே...?"

"அண்ணி! அல்லாவுக்காக அப்படிச் சொல்லாதீங்க..." என்றாள் மருமகள்.

"பின்ன எப்படிச் சொல்றது? தினமும் ஒரு விரிப்பத் துவைச்சுப் போடுறியே, எங்கம்மா வாடை உனக்கு ஆகலங்கறது எனக்குத் தெரியாதா?"

கணவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது என்ன தொழுகைன்னு ஒரே வார்த்தையில சொல்லிடு. அக்கா வாயும் அடங்கும், நானும் கடைக்குப் போவேன்."

ஒரே வார்த்தைதான். களா. விட்டுப்போனதைத் திருப்பித் தொழுகிறேன். ஆனால் எது விட்டுப்போனது என்பார்கள். விடியலுக்கு முன் எழுந்து தொழும் ராத்தொழுகை. ஏன் விட்டுப்போனது? அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் உண்டு, வாய்தான் இல்லை.

பக்கத்து அறையில் மாமியார் படுத்திருந்தாள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கத் தெருப் பெண்களுக்கெல்லாம் கற்றுக் கொடுத்தவள். நகக்கண்ணில் ஈரம் படவில்லை என்றால் முதலிலிருந்து செய்யச் சொல்வாள். படுக்கையில் விழுந்த முதல் வாரம், விடியலுக்கு முன்னால், அந்தச் சுத்தக்காரியின் படுக்கை நனைந்துவிட்டது. அன்று மாமியார் தன் கையைப் பிடித்த பிடியை மருமகள் இன்னும் மறக்கவில்லை. "என் பிள்ளைங்க காதுக்கு இது போகக் கூடாது... அல்லாஹ் மேல சத்தியம் பண்ணு!" பண்ணினாள். அதன்பின் தினமும் அதே நேரம். உடை மாற்றி, உடம்பு கழுவி, விரிப்பைத் துவைத்து உதறும்போது பள்ளிவாசலில் சுபுஹு பாங்கு சொல்வது கேட்கும். பதினாறு வயதிலிருந்து தனக்கென்று அவள் வைத்திருந்தது அந்த ஒரு நேரம்தான். அதுவும் போயிற்று.

வாயைத் திறந்தால் மாமியாரின் மானம் போகும். மூடினால் தன் வாழ்க்கை. கனவு கண்ட ஊமையாக நின்றாள்.

"சரி" என்றான் கணவன். "கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்ல போய் இரு. பேசணும்னு தோணுறப்ப வா."

பையில் இரண்டு புடவைகளை வைத்தாள். பிறகு மாமியாரின் அறைக்குப் போனாள். நாத்தனார் வாசற்படிவரை கூடவே வந்தாள்.

"போயிட்டு வரேன் மாமி."

மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். நடுவில் ஒரு மெல்லிய சுவர்தானே! மருமகள் காத்திருந்தாள். அந்த முதுகு அசையவில்லை. குனிந்து, காதோடு காதாக, "மாத்து விரிப்பு அலமாரியில கீழ்த்தட்டுல இருக்கு மாமி" என்றாள்.

"பன்னிரண்டா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள் மாமியார்.

"மாமி?"

"பகல்ல பன்னிரண்டா தொழுற? அப்படின்னா... ராத்திரி பதினொண்ணு உனக்குப் பழக்கமா இருந்துச்சா? என்கிட்ட சொல்லவே இல்லையே புள்ள..."

மருமகள் தலை குனிந்தாள்.

மாமியார் புரண்டாள். முகம் முழுக்கக் கண்ணீர். "ரெண்டு பேரும் உள்ள வாங்க!" அந்தப் பழைய பாடம் நடத்தும் குரல் வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது என் வீட்டுல உன் காதுல ஏறலையாடீ? ராத்தொழுகை பதினொண்ணு, ஒத்தப்படை. அது தவறிப்போனா பகல்ல ரெட்டப்படையா பன்னிரண்டு தொழுறது நம்ம நபி காட்டின வழி. அது எதையும் கேக்குற தொழுகை இல்ல. விட்டுப்போனதத் திருப்பித் தொழுறது! அவ ராத்திரியப் பறிச்சது யாரு தெரியுமா? நான்தான்... நான்... ராத்திரியில படுக்கையிலயே..."

அடுத்த வார்த்தை வெகுநேரம் வரவில்லை. வந்தபோது அது மிகச் சிறிய வார்த்தையாக இருந்தது.

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அந்த விரிப்பு..."

"அதுதான்டீ. அவ வாயக் கட்டிப்போட்டது நான். நீ நாக்க அவுத்து விட்டுட்ட."

"யா அல்லாஹ்... நான் என்ன பேச்சுப் பேசிட்டேன்!" நாத்தனார் மருமகளின் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு கதறினாள். கணவன் பையை எடுக்கக் கை நீட்டினான். அவள் உடனே விடவில்லை.

"தொழுகைய எண்ணினீங்க" என்றாள் மெதுவாக. "தூங்கினியான்னு ஒரு நாள் கேட்டிருக்கலாம்."

பிறகுதான் பையின் கைப்பிடியை விட்டாள்.

"ராத்திரி இனிமே அம்மாகிட்ட நான் படுத்துக்கிறேன்" என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சியபடி.

"நீயா? இடி இடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டியேடீ!" என்றாள் மாமியார். அழுகைக்கு நடுவே மூவருக்கும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. மருமகளுக்கு மட்டும் வரவில்லை.

"எத்தனை முடிச்ச புள்ள?"

"நாலு, மாமி."

"எட்டு இருக்கு. போ. உச்சி வரதுக்குள்ள முடிச்சிடு."

அவள் அறைக்குப் போனாள். ஏழு மாதப் பழக்கத்தில் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. தாழ்ப்பாளைத் தொட்டபடியே சற்று நேரம் நின்றாள். பிறகு கதவைத் திறந்தே விட்டுவிட்டுத் தொழுகை விரிப்பில் ஏறினாள்.

ஆறாவது ஸலாம் கேட்கும்வரை வெளியே மெஷின் ஓடவில்லை.