மறுகூவல்

2025 அக்டோபர் 28, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். டெமோ ஓடிக்கொண்டிருக்கும்போது, மைக் அணைந்திருக்கிறதா என்று பார்க்காமலே அம்மாவுக்கு மறுகூவல் கொடுத்துவிட்டேன். அதனால் விளையாட்டு எதுவும் கெடவில்லை. ஆனாலும் முறையாகச் சோதிப்பவர் செய்கிற காரியம் இல்லை. வியாழக்கிழமை கொடுக்கும் அறிக்கையில் இதைச் சேர்க்க வேண்டுமா என்று தெரியவில்லை.

எழுதி முடித்த பிறகும் சுபிதாவுக்கு நிம்மதி வரவில்லை. சிறு தவறு என்று எழுதியது சரிதானா, தவறு என்று மட்டும் எழுதியிருக்க வேண்டுமா என்று யோசித்தாள். அவள் சுபாவம் அப்படி. குழித்துறையில் மாலை வகுப்பில் வீடியோ கேம் சோதிக்கும் வேலை படித்தாள். ஏதாவது ஒரு டெமோவை விளையாடி, முதல் பார்வையில் தோன்றியதை எழுதி வரும்படி அனில்குமார் சார் சொல்லியிருந்தார்.

டெமோவையும், அதை ஓட்டும் லேப்டாப்பையும், ஹெட்போனையும் கொடுத்தது கூடப் படிக்கும் லிபின். அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் இது ஓடாது என்று அவனாகவே பைக்கில் கொண்டுவந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் சாக்கைப் பிரித்து மேசையில் வைத்தான். சாயா குடிக்கக்கூட நிற்கவில்லை.

"மைக் ஓஃப்லதான் கெடக்கு. நீ ஒண்ணையும் தொடாண்டாம், சும்மா களிச்சாப் போதும்."

"உனக்கு வேண்டாமா?"

"நான் களிச்சாச்சு. வல்லாத்த கஷ்டம்ட்டி. நம்ம கிளாஸ்ல உனக்குத்தான் இதுக்குள்ள பொறுமை உண்டு."

வகுப்பில் யாரும் அவளைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. பைக் சத்தம் சரிவிறங்கித் தேயும்வரை வாசலில் நின்றாள்.

கஷ்டம் என்று அவன் சொன்னது பொய்யில்லை. மிருக வேட்டைதான் விளையாட்டு. கையில் ஒரு நீண்ட கத்தி, இடுப்பில் மருந்துக் குப்பி, முன்னால் மழை பெய்து ஓய்ந்த காடு. நாலு வெட்டு வெட்டினால் கத்தி மழுங்கிவிடும். நின்று தீட்ட வேண்டும். ஓடினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கும்போது கத்தியை உயர்த்த முடியாது. மரப்பட்டையில் கீறல், சேற்றில் கால்தடம், முறிந்த கொப்பு என்று பார்த்துப் பார்த்துப் போனால், தடம் ஒரு வட்டமாக வளைந்து, தான் புறப்பட்ட இடத்துக்கே வந்திருப்பது தெரியும். அப்போது பின்னாலிருந்து அடி விழும். எத்தனை முறை செத்தாலும் மிருகத்தின் முழு உருவம் கண்ணில் படவில்லை. ஈரமான ஒரு முதுகு, அதன் மேல் வரிவரியாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான். எல்லா மிருகத்துக்கும் பெயர் போட்டிருந்த பட்டியலில் இதற்கு மட்டும் ஒரு வெற்றுக் கட்டம். தனக்குத்தான் விளையாடத் தெரியவில்லை என்று முதலில் நினைத்தாள். பிறகு, 'வழிகாட்டுதல் போதாது' என்று எழுதினாள். பிறகு அதை அடித்தாள்.

செவ்வாய்க்கிழமை அப்படிச் செத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அம்மா கூவினாள்.

அவர்கள் வீடு சரிவின் உச்சியில் இருந்தது. கீழே ரோட்டிலிருந்து வீடுவரைக்கும் ரப்பர் தோட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை, பால் வடிய ஒரே மாதிரி சிரட்டை கட்டிய மரம். ஐப்பசி மழையில் நாலு மணிக்கே உள்ளே இருட்டிவிடும், செம்மண் பாதை ஓடையாகிவிடும், டார்ச் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாது, பள்ளத்தில் போனுக்கு ரேஞ்சும் கிடைக்காது. ஆகவே அண்டியாபீஸில், முந்திரி உடைக்கும் ஆலையில், வேலை முடிந்து வரும் அம்மா கீழே நின்று கூவுவாள். இரண்டு குட்டைக் கூவல், ஒரு நீளக் கூவல். வீட்டிலிருப்பவர் மறுகூவல் கொடுக்க வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறி வருவாள். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் சொந்தக் கூவல் உண்டு. எந்த வீட்டிலும் யாரும் மறுகூவல் கொடுக்காமல் இருந்ததில்லை.

சுபிதா ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் தள்ளிவிட்டு, உட்கார்ந்தபடியே ஜன்னல் பக்கம் கூவினாள். மைக் வாய்க்கு நேராகவே இருந்தது. திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்து அணைந்தது.

அம்மா குடையை உதறிக்கொண்டு ஏறி வந்தாள். முந்திரி எண்ணெய்க் கறை பிடித்த கையால் மகளின் தலையைத் தொடப் போய், நிறுத்திக்கொண்டாள்.

"உனக்க தொண்ட என்ன தொண்டையா மக்ளே, சர்ச்சு மணியா? அண்டியாபீஸ்ல அத்தன பொம்பளையளும் சேந்து கத்தினாலும் எட்டாது. இனி டார்ச்சுக்கு பேட்டரி வாங்காண்டாம். நீ கூவினாப் போதும், கண்ண மூடிட்டு வந்திருவேன்."

"கண்ண மூடிட்டு வந்தா அந்தக் குவாரிலதான் போய் விழணும்."

"விழுந்தா உனக்குச் சோறு யாருட்டி பொங்குவா?"

பாதை பாதியில் பிரிந்து, ஒரு கிளை வீட்டுக்கும் மற்றது பழைய கல்குவாரிக்கும் போகும். கல் எடுப்பதை நிறுத்திய பிறகு குவாரியில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. ஆழம் யாருக்கும் தெரியாது.

மறுநாள், புதன்கிழமை, காலையிலிருந்து மழை. சாயங்காலம் கொஞ்சம் விட்டது. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அடுக்களைப் பக்கத்தில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டுகள் காயாமல் புளித்து நாறின. சுபிதா ஜன்னலைச் சாத்திவிட்டு டெமோவைத் திறந்தாள். மைக் பொத்தானை இரண்டு தடவை பார்த்தாள். அணைந்துதான் இருந்தது.

காடு நேற்று இருந்த காடு இல்லையோ என்று தோன்றியது. மரங்கள் ஒழுங்காக நிற்கின்றன என்று நினைத்தாள். வரிசை வரிசையாக, ஒரே இடைவெளியில். நேற்றும் அப்படித்தான் இருந்திருக்கும், நான் கவனித்திருக்க மாட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கால்தடத்தைப் பார்த்து நடந்தாள். ஒரு மேடு. ஒரு பள்ளம். பட்டையில் சாய்வாக ஒரு கீறல். அதிலிருந்து வெள்ளையாகப் பால் வடிந்துகொண்டிருந்தது. புளித்த வாடை முன்னைவிட அடர்த்தியாக வந்தது. அடுக்களையிலிருந்துதான் வரும். வேறு எங்கிருந்து வரும்?

கத்தியைத் தீட்ட நின்றாள். அப்போது மிருகம் சத்தம் கொடுத்தது.

நேற்று அது உறுமியது. இன்று கூவியது.

இரண்டு குட்டை. ஒரு நீளம். ஹெட்போனுக்குள், இடது காதுக்கு மிக அருகில், கொஞ்சம் உடைந்து பிறகு உயரும் அவளுடைய குரலில், அவளுடைய கூவல்.

விரல்கள் தாமாகப் பின்வாங்கின. திரையில் வேட்டைக்காரி அசையாமல் நின்றாள். மரங்களுக்கு நடுவே எதுவும் வரவில்லை. அடிக்கவில்லை. மறுபடி கூவியது. பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நிறுத்தியது.

ஏதோ கோளாறு. நேற்றைய பதிவைத் திருப்பி ஓட்டுகிறது. இதை அறிக்கையில் எழுதலாம். நினைத்துக்கொண்டே போனை எடுத்து லிபினை அழைத்தாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"லிபின், இந்த மிருகம் எனக்க சத்தத்துல கூவுது."

மைக் பொத்தானை இன்னொரு முறை பார்த்தாள்.

"மைக் ஓஃப்லதான்னு நீ சொன்னியே?"

"ம்."

"இத நீ எப்ப களிச்ச?"

"போன மாசம். அப்பாவுக்கு கால் ஒடிஞ்சதுக்கு முன்ன."

லிபினின் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். விடிகாலையில் பால் வெட்டப் போன இடத்தில் வழுக்கி விழுந்தார் என்று அவன் வகுப்பில் சொன்னபோது, சுபிதாதான் எல்லோரிடமும் காசு பிரித்து, ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போனாள்.

"வழுக்கி விழல்லட்டி. நான் கூப்பிட்டேன்னு எறங்கிப் போயிருக்காரு. 'அப்பா, இஞ்ச வா'ன்னு நான் கூப்பிட்டேனாம். நான் வீட்டுல ஒறங்கிட்டுக் கெடந்தேன்."

"நீ என்னட்டச் சொல்லல்ல."

"பொறவும் அந்தச் சத்தம் கேட்டுது. எல்லா ராத்திரியும் கேட்டுது. வேற சத்தம் கிட்டினா பழசை விட்டுரும்னு கடைசி ஸ்கிரீன்ல வரும். வேற வேட்டக்காரர் உண்டான்னு கேக்கும்."

"எனக்க பேரக் குடுத்தியா?"

"பேரெல்லாம் கேக்காது." அவன் குரல் மெலிந்தது. "லேப்டாப்பத்தான் குடுத்தேன். நேத்துல இருந்து இஞ்ச ஒரு சத்தமும் இல்ல, சுபிதா. அப்பா நல்லா ஒறங்கினாரு. நீ மட்டும் பதில் கூவாத, கேட்டியா? கூவாண்டாம். மன்னிச்சிரு மக்கா."

போனை வைத்துவிட்டான். உனக்குத்தான் பொறுமை உண்டு என்று அவன் சொன்னது காதில் வந்தது. அதை நினைத்து இரண்டு நாள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். சாயா குடிக்க நிற்காமல் போனவனின் முதுகைப் பார்த்து, பாவம், அப்பாவைப் பார்க்க ஓடுகிறான் என்று நினைத்திருக்கிறாள்.

லேப்டாப்பை மூடினாள். ஹெட்போனின் வயரைப் பிடுங்கினாள். மின்விசிறியையும் நிறுத்தினாள்.

ஓட்டிலிருந்து சொட்டு.

தவளை.

தூரத்தில் ரோட்டில் ஒரு பஸ் நின்று புறப்படும் சத்தம்.

பிறகு கூவல். வெளியே. ரப்பருக்குள், வீட்டுக்கு இடப்பக்கம், சரிவு குவாரிக்கு இறங்கும் பக்கம். இரண்டு குட்டை, ஒரு நீளம். அவளுடைய குரல்.

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பதில் கூவாதே. கூவாதே. அவ்வளவுதான் செய்ய வேண்டியது. அதற்கு யாரும் பதில் கொடுக்கப் போவதில்லை. இந்தச் சரிவில் அவளுக்குப் பதில் கூவுகிறவர்கள் யாரும் இல்லை.

அப்போதுதான் பஸ் நினைவுக்கு வந்தது.

கீழே, ரோட்டுப் பக்கமிருந்து, அம்மா கூவினாள்.

சுபிதா கதவைத் திறப்பதற்குள் மறுகூவல் போய்விட்டது. தெளிவாக. பதறாமல். குவாரிப் பக்கமிருந்து. கீழே மரங்களுக்கு நடுவே ஒரு டார்ச் வெளிச்சம், சின்னதாக, மஞ்சளாக, பாதையில் ஏறத் தொடங்கியது.

செருப்பில்லாமல் ஓடினாள். சேறு கணுக்கால்வரை இழுத்தது. "அம்மா! அங்க போவாத! குவாரிக்குப் போவாத!"

அவள் வாய் மூடும் முன்னே இடப்பக்கமிருந்து அதே வார்த்தைகள். "அம்மா! அங்க போவாத! குவாரிக்குப் போவாத!"

டார்ச் நின்றது. பாதை பிரியும் இடத்தில்.

"மக்ளே?" அம்மா கேட்டாள். "எங்கயிருந்துட்டி விளிக்க?"

"இஞ்சம்மா! வீட்டுப் பக்கம்!"

"இஞ்சம்மா! வீட்டுப் பக்கம்!"

கூவு. கூவினால் அம்மாவுக்குத் தெரியும். சுபிதா நின்று மூச்சை இழுத்தாள். ஓடி வந்த மூச்சு. நடுங்கும் தொண்டை. கிழிந்த ஒரு சத்தம்தான் வெளியே வந்தது. யாருடைய சத்தமோ, அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

குவாரிப் பக்கமிருந்து அது கூவியது. நேற்று நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகக் கூவிய கூவல். சர்ச்சு மணி மாதிரி.

டார்ச் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு வீட்டுப் பக்கம் ஒருமுறை அடித்தது, பயந்துபோய், அந்நியர் யாரையோ தேடுவதுபோல. பிறகு திரும்பியது. வேகமாக. மகளிடம் ஓடும் வேகத்தில், மரம் மரமாக மறைந்து, மறைந்து, தெரிந்து.

தண்ணீர்ச் சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

கீழ் வீட்டுப் பொன்னுலிங்கம் அண்ணன்தான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு முதலில் வந்தார். குவாரி விளிம்பில் குடை விரித்தபடியே கிடந்தது. தண்ணீர் அலையில்லாமல் இருந்தது. விளக்கடித்துப் பார்த்தார்கள், கயிறு போட்டுப் பார்த்தார்கள். சுபிதா கரையில் உட்கார்ந்து, சேலைத் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. அதிர்ச்சி என்று அவர்களே பேசிக்கொண்டார்கள்.

அவர்கள் திரும்பலாம் என்று எழுந்தபோது, தண்ணீரின் மறுகரையில், இருட்டுக்குள், யாரோ கூவினார்கள். இரண்டு குட்டை, ஒரு நீளம். வேலை முடிந்து களைத்து வருகிற குரல்.

"கேட்டியளா? உயிரோட இருக்கா!" பொன்னுலிங்கம் அண்ணன் விளக்கைத் தூக்கிக்கொண்டு விளிம்பில் ஓடினார். "மக்கா, நீ கூவுட்டி! உனக்க அம்மைக்குப் பதில் கூவு!"

சுபிதா அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்தாள். மறுகரையிலிருந்து மறுபடி கூவல் வந்தது. அதற்கு, சரிவின் உச்சியிலிருந்து, கதவு திறந்து கிடக்கும் அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து, அவளுடைய குரல் பதில் கூவியது. பிறகு இது. பிறகு அது. ஒன்றை ஒன்று தேடி, நெருங்கி நெருங்கி.

அக்டோபர் 29, புதன். பொன்னுலிங்கம் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். இன்னும் கேட்கிறது. நாளை: விடிந்ததும் தீயணைப்புக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு முன்பே ரோட்டில் போய் நிற்க வேண்டும். அம்மா கூப்பிட்டால் யாரும் இறங்கக் கூடாது என்று எழுதிக் காட்ட வேண்டும். வாயால் சொல்லக் கூடாது.