வேலாத்தாள் சொன்ன மூன்றாம் பதில்

பொங்கலன்று காலை பத்து மணிக்கு வேலாத்தாளை மேடையேற்றுவது என்று முடிவாகியிருந்தது. வேலாத்தாள் தொண்ணூறு வருடத்துக்கு முன் எழுதப்பட்ட ‘சாயப்பட்டறைத் தெரு’ என்ற நாவலின் கதாநாயகி. ஒரு நாளும் உயிரோடு இருந்தவள் இல்லை. அதெல்லாம் இப்போது ஒரு தடையா என்ன? மனவார்ப்பி வந்த பிறகு, ஒருவரின் சொற்கள் போதுமான அளவு கிடைத்தால், அவற்றிலிருந்து மனத்தையே வார்த்து எடுத்துவிடலாம். செத்தவர்களுக்கு அவர்களுடைய கடிதம், குறுஞ்செய்தி, குரல்பதிவு. கதாபாத்திரத்துக்கு நாவல். வார்ப்பு ஒரு கண்ணாடித் தூணுக்குள் வந்து நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லும். பொய் சொல்லத் தெரியாது.

இப்பேர்ப்பட்ட இயந்திரம் கையில் கிடைத்ததும் நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? பட்டிமன்றம் வைத்தார்கள்.

தலைப்பு: ‘வேலாத்தாளின் மனம் நாடியது கணவனையா, தோழியையா?’ ஈரோட்டு அரங்கத்தில் நாலாயிரம் பேர். கணவன் அணிக்குத் தலைவர் சொற்சூறாவளி மருதாசலம். தோழி அணிக்குத் தலைவர் பேராசிரியர் பியூலா. நடுவர் வழக்கம்போல ஒரு பொன்னாடை, ஒரு சொம்புத் தண்ணீர், நாலு நகைச்சுவைத் துணுக்கு.

சண்டைக்கு மூலகாரணம் மூன்றரை மீட்டர் நீலத் துணி. நாவலின் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் வேலாத்தாள் கடைவீதிக்குப் போய் அந்தத் துணியை எடுக்கிறாள். அதில் கணவன் சென்னியப்பனுக்கு ஒரு சட்டை தைக்கிறாள். மிச்சத்தில், மூன்று வீடு தள்ளி இருக்கும் தோழி மரகதத்துக்கு ஒரு ரவிக்கை. சட்டைக்குப் பொத்தான் வைக்கும்போதும் அவள் கை நடுங்குகிறது, ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும்போதும் நடுங்குகிறது. இவ்வளவுதான் எழுதிவிட்டு எழுத்தாளர் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து ஆய்வாளர்கள் சட்டைக்காரர்கள், ரவிக்கைக்காரர்கள் என்று இரண்டாகப் பிரிந்துபோனார்கள். சட்டையை வைத்து ஒருவர் முனைவர் பட்டம் வாங்கினார். சட்டை என்பது ரவிக்கையை மறைக்கப் போட்ட நாடகம் என்று இன்னொருவர் அறுநூறு பக்கம் எழுதினார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பேர் மேலும் ஆசை இருந்திருக்கலாமே என்று பெருந்துறைத் தையல்காரர் ஒருவர் ஒரு பத்திரிகைக்கு வாசகர் கடிதம் போட்டார். படித்தவர்கள் அதைப் பார்த்து ஒரு வாரம் சிரித்தார்கள்.

மருதாசலத்துக்கு இந்தப் பட்டிமன்றம் மற்றதைப் போல இல்லை. அவருடைய மனைவி ரேணுகாதேவி இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அவளுடைய வார்ப்பு வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தினமும் குளித்துவிட்டு, காபியோடு அதன் எதிரே உட்காருவார். உலகத்தில் அவரை வாயடைக்க வைக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். போன மாதம் கோபியில் பேசிய பேச்சைப் பெருமையாகப் போட்டுக் காட்டியபோது, “ஏனுங்க, அந்த உவமையை இன்னும் எத்தனை ஊருக்குத் தூக்கிட்டுப் போவீங்க? அதுக்கே சலிச்சுப் போயிருக்கும்” என்றாள். மனிதர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தார். அந்தக் காலை அரைமணி நேரம் இல்லாவிட்டால் தான் செத்துப்போவோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வார்ப்புக்கு இன்னொரு பங்காளியும் உண்டு. சட்டப்படி, வார்ப்புக்குச் சொற்களைக் கொடுத்த எல்லோருக்கும் அதனோடு பேச உரிமை உண்டு. ரேணுகாவின் பாதிக்கு மேற்பட்ட கடிதங்களைக் கொடுத்தது பியூலா. அதனால் அவள் வீட்டிலும் அதே வார்ப்புக்கு ஒரு தூண். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். நாற்பது வருடச் சிநேகம். ரேணுகா இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமையானால் பியூலா வந்துவிடுவாள். இரண்டு பெண்களும் சமையலறையில் உட்கார்ந்து பேசும் சத்தம் மருதாசலத்தின் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அவள் உயிரோடு இருந்தவரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

போன ஆடியில் வாயை அடக்க முடியாமல் வார்ப்பிடம் கேட்டுவிட்டார், பியூலா மேல் உனக்கு எந்த மாதிரிப் பிரியம் என்று.

“உங்க மேல எந்த மாதிரியோ, அதே மாதிரித்தானுங்க” என்றாள் ரேணுகா. “காபி ஆறுது, குடிங்க.”

அந்தக் காபி அப்படியே ஆறிப்போனது. தன்னோடு முப்பத்து நாலு வருடம் குடும்பம் நடத்தியவளின் மனத்தில் தான் முழுக்க இல்லையா என்ற எரிச்சல் மனிதருக்கு. அதே ஆடியில் பியூலாவும் தன் வீட்டுத் தூணிடம், அப்புறம் எதற்கடி அந்த ஆளைக் கட்டினாய் என்று கேட்டிருக்கிறாள். பிடித்தது, கட்டினேன், உன்னையும் பிடித்தது, உன்னை விட்டுவிட்டா போனேன் என்று பதில் வந்திருக்கிறது. அவளுக்கும் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இப்படி வயிறெரிந்த இரண்டு பேரும், நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாமல், பாவம் அந்த வேலாத்தாளைப் பிடித்து மேடைக்கு இழுத்தார்கள்.

மருதாசலம் பதினெட்டு நிமிடம் சட்டைக்காகப் பேசினார். பியூலா பதினெட்டு நிமிடம் ரவிக்கைக்காகப் பேசினாள். கைதட்டல் சமமாகத்தான் விழுந்தது. பிறகு வார்ப்பு வாரியத்தின் இயக்குநர் நிறைமதி, முப்பது வயதுப் பெண், தூணை இயக்கினாள். வேலாத்தாள் வந்து நின்றாள். அகலமான முகம், எண்ணெய் வைத்து வாரிய தலை. கூட்டத்தைப் பார்த்து அவள் மிரளவில்லை.

துணியை யாருக்காக எடுத்தீர்கள் என்று நடுவர் கேட்டார்.

“ரெண்டு பேருக்குந்தான். ஒருத்தருக்குன்னா மூணரை மீட்டரு எதுக்கு?”

அரங்கம் சிரித்தது. நடுவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, துணியை விடுங்கள், மனசில் யார் என்று கேட்டார்.

“அதையுந்தான் சொல்றேன். அவரு மேலயும் ஆசை இருந்துச்சு, மரகதத்து மேலயும் ஆசை இருந்துச்சு. இதுல உங்களுக்கு என்ன சிரமம்?”

அவர்களுக்கு இருந்த சிரமம் கொஞ்சநஞ்சமா? பட்டிமன்றத்தில் தீர்ப்பு என்றால் இந்த அணி, இல்லாவிட்டால் அந்த அணி. மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல நடுவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் துணுக்கு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கையில் மருதாசலமும் பியூலாவும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே ஒலிவாங்கியைப் பிடித்தார்கள். இது இயந்திரத்தின் கோளாறு என்றார் மருதாசலம். உத்தமியான மனைவி, சபை நாகரிகத்துக்காகத் தோழியையும் சேர்த்துச் சொல்கிறாள். இது பயம் என்றாள் பியூலா. ஊருக்குப் பயந்து புருஷனையும் சேர்த்துச் சொல்கிறாள். சம்பந்தப்பட்டவள் கண்ணாடிக்குள் நின்று “நான் இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? ‘இரண்டும்’ என்பது ஒரு பதிலே அல்ல என்பதில் இரு தலைவர்களும் ஒத்துப்போனார்கள். ஆயுளில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

அதே வாரம் இருவரும் சேர்ந்து வாரியத்துக்கு மனு எழுதினார்கள். ஒரு மனத்தில் ஒருவருக்குத்தான் இடம் என்பது அதன் முதல் வரி. வார்ப்புகள் இரண்டுங்கெட்டானாகப் பேசுவது வாசகர்களையும் குடும்பங்களையும் குழப்புகிறது. ஆகவே மனவார்ப்பியிலிருந்து ‘இரண்டும்’ என்ற மூன்றாம் பதிலை நீக்க வேண்டும். நீக்கியதை யாரும் திரும்பக் கொண்டுவர முடியாதபடி அழித்துவிடவும் வேண்டும். அந்தக் கடைசி வாக்கியம் மருதாசலத்தின் சொந்தக் கைவண்ணம். எழுதும்போது அவர் மனத்தில் வேலாத்தாள் இல்லை. ஒருவருக்குத்தான் இடம் என்று ஆகிவிட்டால் ரேணுகாவின் மனத்தில் அந்த ஒருவன் தாலி கட்டிய தான்தானே என்று நினைத்தார். பியூலாவும் கையெழுத்துப் போடும்போது தன்னைத்தான் நினைத்தாள்.

வாரியம் மகிழ்ந்துபோனது. இரண்டு பெட்டி உள்ள படிவம் என்றால் அலுவலகங்களுக்குக் கொள்ளை ஆசை. இரண்டே மாதத்தில் ஒருமை ஆணை வந்தது. அதன்படி, ஒரு வார்ப்புக்கு இரண்டு பேர் மேல் ஆசை இருந்தால் அது இரண்டாகப் பிரிக்கப்படும், ஆளுக்கு ஒன்று. அவனைப் பற்றிய சொற்கள் அவன் பங்குக்கு, அவளைப் பற்றியவை அவள் பங்குக்கு. இருவரையும் சேர்த்துச் சொல்லும் வாக்கியங்கள் எந்தப் பக்கமும் சேராதவை; அவை அழிக்கப்படும். மனுதாரர்களைக் கௌரவிக்கும் விதமாக, முதல் பிரிப்பு அவர்களுடைய வார்ப்புக்கே செய்து தரப்பட்டது. மாலை மட்டும்தான் போடவில்லை.

மறுநாள் காலை மருதாசலம் குளித்துவிட்டுக் காபியோடு உட்கார்ந்தார். ரேணுகா இருந்தாள். அதே சேலை, அதே மூக்குத்தி. எடுத்த எடுப்பில், உன் மனசில் யார் என்று கேட்டார்.

“நீங்க மட்டுந்தானுங்க.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உற்சாகமாகப் பொங்கல் பேச்சைப் போட்டுக் காட்டி, எப்படி இருக்கிறது என்றார். நல்லா இருக்குதுங்க என்றாள். பழைய உவமைதானே என்று சீண்டிப் பார்த்தார். நல்லா இருக்குதுங்க. அடுத்த நாளும் அப்படியே. சாப்பிட்டீங்களா, வண்டி வந்துருச்சா, மாத்திரை போட்டீங்களா, நீங்க சொன்னா சரிங்க. நாலாம் நாள் கொடிவேரி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். மூன்று பேரும் அணைக்குப் போய், வறுத்த மீன் தின்று, பாறையில் அவர் வழுக்கித் தண்ணீரில் விழ, கரையில் இரண்டு பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த நாள். அவர் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அது. அன்றைக்கு அவருக்கு அது தெரிந்துதான் இருந்தது.

“இல்லீங்களே. நீங்க சொன்னா போயிருப்போமுங்க.”

அப்போதுதான் அந்த மேதைக்கு உறைத்தது. முப்பத்து நாலு வருடத்தில் ரேணுகா அவருக்கென்று எழுதியதெல்லாம் சாப்பாட்டுக்கும் வண்டிக்கும்தான். அவரைக் கிண்டல் செய்தது, அவருக்காகக் கவலைப்பட்டது, அவர் தூங்கும்போது பார்த்துக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் அவள் பியூலாவுக்குத்தான் எழுதியிருந்தாள். ‘இன்னைக்கு எங்காளு மேடையில என்ன உளறுனாரு தெரியுமாடி’ என்று தொடங்கும் நூற்றுக்கணக்கான கடிதங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு பேர். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அன்று மதியமே வாரிய அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே பெஞ்சில் பியூலா உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“டீச்சர், உங்ககிட்ட எப்படிப் பேசறா?” என்றார்.

“விடுதியில இருக்கா சார். இருபத்திரண்டு வயசு. பரீட்சை என்னைக்கு, மெஸ்ல என்ன டிபன்னு கேக்கறா. எனக்கு அறுபத்தி மூணு ஆச்சுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா.” கல்யாணத்துக்குப் பிறகு வந்த கடிதம் எல்லாவற்றிலும் அவர் இருந்ததால், ஒன்றும் மிஞ்சவில்லை என்று அவள் சொல்லி முடிக்கும் முன்பே அழுதுவிட்டாள். மருதாசலத்துக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. நாலாயிரம் பேர் முன்னால் பதினெட்டு நிமிடம் பேசத் தெரியும்.

இருவரும் நிறைமதியிடம் போய், பழையபடி சேர்த்துத் தரச் சொன்னார்கள். அழித்தது அழித்ததுதான் என்றாள் அவள். மனுவில் அப்படித்தானே கேட்டிருக்கிறீர்கள் என்று கோப்பைத் திருப்பிக் காட்டினாள். ஒரே ஒரு வழி இருக்கிறது: இரண்டு பங்கையும் எதிரெதிரே நிறுத்தி, இவர்தான் அந்த ஆள் என்று உரிமையாளர்கள் உறுதி சொன்னால், இயந்திரம் அதை அடிப்படையாக வைத்துப் புதிதாக வார்க்கும், பழைய சொற்கள் வராது, ஆனால் குணம் திரும்பக்கூடும். இருவரும் தலையாட்டினார்கள்.

தூண்கள் ஒளிர்ந்தன. ஒன்றில் சேலை கட்டிய ரேணுகா. இன்னொன்றில் சுடிதார் போட்ட, இரட்டைப் பின்னல் ரேணுகா. இருவரும் ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள். அது நீதான், கல்யாணம் கட்டி அப்படி ஆனாய் என்று பியூலா சின்னவளுக்குச் சொன்னாள்.

“நானா? இந்தாளையா? போடி லூசு” என்றாள் சின்னவள்.

பெரியவள் கணவரைப் பார்த்து, இந்தப் பிள்ளை யாரென்றே தனக்குத் தெரியாது, தனக்கு அவர் ஒருவர் மட்டும்தான் என்றாள். தன் மனசில் பியூ மட்டும்தான் என்றாள் சின்னவள். நான்தான் ரேணுகா என்றாள் ஒருத்தி. நீயானால் நான் யார் என்றாள் மற்றவள். பிறகு இருவரும் ஒருசேர, ஒரே குரலில், “ஒரு மனசுல ஒருத்தருக்குத்தான் எடம்” என்றார்கள். ஆணை அதை எல்லா வார்ப்பிலும் அடித்தளமாகப் போட்டிருந்தது. இரண்டு தலைவர்களும் அந்த வரியைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

திரையில் படிவம் வந்து நின்றது. இவர்களுள் ரேணுகாதேவி யார்?

சொற்சூறாவளி மருதாசலம் வாழ்நாளில் முதன்முறையாக முன்னுரை இல்லாமல் பேசினார். “ரெண்டு பேருந்தாம்மா.”

“ஆமாம்மா” என்றாள் பியூலா. “ரெண்டு பேருந்தான்.”

நிறைமதி திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். இரண்டு பெட்டிகள்தான் இருந்தன.

“அந்தப் பதிலை எடுத்தாச்சுங்களே ஐயா” என்றாள். “யாராச்சும் ஒருத்தரைச் சொல்லுங்க.”